மரியாதை ஓவர்

1956 ஜூன் 11, திங்கள்

சாரல் பிடித்துவிட்டது. குற்றாலம் பஸ் எல்லாம் பிதுங்கிக்கொண்டு போகிறது. டியூட்டி சீட் எழுதி எழுதி எனக்கு விரல் மரத்துப்போனது. மூன்று மணிக்கு ஏசுதாசன் அண்ணாச்சி தன் மருந்துக் கடையை விட்டுவிட்டு எங்கள் பஸ் ஆபீசுக்கு வந்தார். எங்கள் கிரிக்கெட் கிளப்புக்குக் காரியதரிசியும் அவர்தான், மேட்சுக்கு அம்பயரும் அவர்தான்.

"ஏலே ஆவுடை, ஜூலை பதினஞ்சு சீசன் மேட்ச். மொத ஓவர் ஒனக்குத்தான். தெரியும்லா?"

தெரியும். ஐந்து வருசமாக அந்த ஓவரை நான்தான் போடுகிறேன். மரியாதை ஓவர் என்று அதற்குப் பேர். குற்றாலத்தில் பங்களா கட்டி சீசனுக்கு வந்து தங்கும் மில்காரர் ஞானசம்பந்தம் முதலாளி, கூட வந்த சிநேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு எங்கள் தென்காசி கிளப்போடு வருசத்துக்கு ஒரு மேட்ச் ஆடுவார். டாஸ் என்ற பேச்சே கிடையாது. முதலில் பேட் பிடிப்பது அவர். அவருக்குப் போடும் முதல் ஆறு பந்தும் நேராக வரக் கூடாது. காலுக்கு வெளியே, மெதுவாக, முழங்கால் உயரத்துக்கு எழும்பி வர வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு வீசினாலும் பட்டு எல்லைக்கு ஓட வேண்டும்.

ஆடுகளத்தில் விரிக்கும் கயிற்றுப் பாய், பந்து, தரையை உருட்டும் கல் உருளை எல்லாம் அவர் வாங்கிக் கொடுத்தவை. போதாததற்கு அவர் ஜில்லா கிரிக்கெட் கமிட்டியில் உபதலைவர். நம் பக்கத்திலிருந்து ஜில்லா டீமுக்கு யார் என்று பேர் எழுதி அனுப்புவது அவர் கை. ஜில்லா டீமில் ஆடியவனைத்தான் மெட்ராஸ் டீமுக்கு ஆள் எடுக்கும் ட்ரையலுக்குக் கூப்பிடுவார்கள். எனக்கு இருபத்தேழு முடியப்போகிறது.

"வேற எவன்ட்டயாவது குடுங்களேன், அண்ணாச்சி" என்றேன்.

"வேற எவனுக்குலே அப்படிக் குறிபார்த்துப் போட வருது? நேராப் போடத் தெரிஞ்சவனுக்குத்தான் அதைக் கோணலாவும் போடத் தெரியும்."

இதை அவர் புகழ்ச்சியாகச் சொல்லுகிறார்.

ஜூலை 14, சனி

பாய் விரித்தோம். மேலகரத்துக்கு மேற்கே எங்கள் மைதானம். எங்கள் விக்கெட் கீப்பருக்குப் பேர் கடற்கரை, சோடாக் கம்பெனியில் வேலை முடித்து நேரே வந்தான். பாய் முழுக்க நனைந்து நாறுகிறது. போன வருசத்து எலிப் புழுக்கை அப்படியே இருக்கிறது. இழுத்து முளை அடிக்கும்போது கடற்கரை சொன்னான்: "நாளைக்கு இதுமேல நின்னு முதலாளி பேட் பிடிக்கப்போறாரு. பாவம், பாய்."

சிரித்தேன். வீட்டுக்கு வந்து மூன்று தடவை சோப்புப் போட்டும் கையில் அந்த நாற்றம் போகவில்லை.

ஜூலை 15, ஞாயிறு

முதலாளி பதினோரு மணிக்கு வந்தார். அருவியில் குளித்து, உடம்பு பிடித்துவிட ஆள் வைத்து எண்ணெய் தேய்த்து, அந்த மினுமினுப்போடு வந்து இறங்கினார். பிடரியில் எண்ணெய், கையில் எண்ணெய். பந்தை எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் தந்தார், பந்திலும் எண்ணெய். அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஓடினேன்.

நாலு. இரண்டு. நாலு. நாலு. அடுத்தது அவரே தவறவிட்டார். அவர் தவறவிடும்படிகூட நான் போடவில்லை. கடைசிப் பந்து நாலு. பதினெட்டு ரன். ஒவ்வொன்றுக்கும் ஏசுதாசன் அண்ணாச்சி "நல்ல ஷாட் சார்" என்றார். அம்பயர் சொல்லுகிற வார்த்தையா அது?

இருபத்தைந்து வந்ததும் முதலாளி களைத்துப்போய், ஆட்டம் இழக்காமலே வெளியே வந்துவிட்டார். எப்போதும் அப்படித்தான். வந்த கையோடு காரில் ஏறிப் பங்களாவுக்குச் சாப்பிடப் போய்விட்டார். அதற்கப்புறம்தான் நான் பந்து போட்டேன். நான் போடுவது பாயில் குத்தியதும் உள்ளே வெட்டி வரும். ஏழு விக்கெட். திருநெல்வேலியிலிருந்து வந்த ஒரு வக்கீலுக்கு ஸ்டம்ப் இரண்டாக முறிந்தது. கடற்கரை கை வீங்கிப்போய் "போதும்லே, விடுலே" என்றான்.

முதலாளி சாயங்காலம் தூங்கி எழுந்து பரிசு கொடுக்க வந்தார். என் தோளில் தட்டினார். "நல்லா முயற்சி பண்ணுத தம்பி. விட்டுராத."

இந்த வருசம் பேர் வரும் என்று தோன்றுகிறது.

ஆகஸ்ட் 2, வியாழன்

ஜில்லா டீம் லிஸ்ட் வந்தது. என் பேர் இல்லை.

1957 ஜூலை 21, ஞாயிறு

மரியாதை ஓவர். இருபத்திரண்டு ரன். வேறொன்றும் எழுதுவதற்கில்லை.

1958 ஜூலை 19, சனி

நாளைக்கு மேட்ச். வெள்ளைக் கால்சட்டையைக் கஞ்சி போட்டு வைத்துக்கொண்டே பார்வதி கேட்டாள். கல்யாணமாகி எட்டு மாசத்தில் கிரிக்கெட்டைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி இது.

"அந்த ஓவரை என்னத்துக்கு நீங்க போடணும்?"

"அவரு தயவு வேணும்லா. பேரு எழுதுறது அவருதான்."

"நீங்க வேணும்னுதான் அப்படிப் போடுதீயன்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியாமலா இருக்கும்? எட்டு வருசமா நடக்குதே."

"யாராவது அவருட்டச் சொல்லியிருக்காவளா?"

சொல்லவில்லைதான். இதையெல்லாம் போய்ச் சொல்லுவார்களா? அவ்வளவு பெரிய மில்லை நடத்துகிறவர். விரும்பி விட்டுக்கொடுக்கிற பந்து எது, போடத் தெரியாமல் போடுகிற பந்து எது என்று தெரியாதவரா? விளக்கிச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே கால்சட்டையை மடித்தாள். பெண்களுக்கு எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொன்னால்தான் ஆகும்.

ஆகஸ்ட் 6, புதன்

லிஸ்ட். இல்லை. எங்கள் டீமில் பந்தே போடாத, மூக்குப்பொடி போடுகிற ஒரு வாத்தியார் பேர் இருக்கிறது. வெறுத்துப்போச்சு. அந்தக் காகிதத்தைத் தொட்ட கையைக் கழுவினேன். கிறுக்குத்தனம்தான், கழுவினேன்.

1960 ஜூலை 17, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

பத்தாவது மரியாதை ஓவர் இன்று போட்டேன். இருபது ரன். முதலாளி தொப்பியை மைதானத்திலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். "நீயே கொண்டுபோய்க் குடு. பேசுறதுக்கு ஒரு சந்தர்ப்பம்லா" என்று அண்ணாச்சி என்னை அனுப்பினார். சைக்கிளில் பங்களாவுக்குப் போனேன். நல்ல சாரல். தொப்பி நனையாமல் இருக்கச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். அவருடைய தலையெண்ணெய் என் நெஞ்சில் ஒட்டியது.

வராந்தாவில் முதலாளியும் மெட்ராஸிலிருந்து வந்த ஒருவரும் மங்குஸ்தான் உரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். வந்தவர் ட்ரையலுக்கு ஆள் எடுக்கிற கமிட்டியில் இருப்பவராம். என் வெள்ளைச் சட்டையைப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் பௌலர் யாரும் உண்டா?" என்று அவர்தான் கேட்டார்.

முதலாளி என்னைக் காட்டினார். "இந்தா நிக்கானே ஆவுடைநாயகம். தங்கமான பையன். ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. பந்துலதான் ஒண்ணுமில்ல. பத்து வருசமா நான் அடிச்சிக்கிட்டு வாரேன், இன்னிக்கும் இருபது. அறுபது வயசு எனக்கே இப்படின்னா மெட்ராஸ்ல இவன என்ன பாடு படுத்துவானுவ? அங்க போய் அவமானப்படப்பிடாதேன்னுதான் வருசா வருசம் இவன் பேர நான் எழுதாம விடுதேன்." என்னைப் பார்த்து, "வருத்தப்படாத தம்பி. ஒன் நல்லதுக்குத்தான்" என்று ஒரு மங்குஸ்தானை நீட்டினார்.

கேலி இல்லை. அதுதான் தாங்கவில்லை. அந்த முகத்தில் துளி கேலி இல்லை. நிஜமான இரக்கம். அவருக்குத் தெரியாது. பத்து வருசமாக, அறுபது பந்தாக, அவருக்குத் தெரியவே தெரியாது. தான் அடிக்கிறதாகவே நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

நான் என்ன சொல்லியிருக்கணும்? ‘நான் வேணும்னுதான் அப்படிப் போட்டேன், உமக்குப் பேட்டைப் பிடிக்கவே தெரியாது’ன்னா? விருந்தாளி முன்னாலயா? வாயில வந்திச்சு. வாய்வரைக்கும் வந்திச்சு. "சரிங்க ஐயா"ன்னு சொல்லிட்டு அந்தப் பழத்த வாங்கிக்கிட்டேன். வாங்கிக்கிட்டேனே. தூ.

வழியில் அதை ஓடையில் வீசினேன். வீட்டில் பார்வதி கேட்டதற்குத் தலைவலி என்றேன். இரண்டு வருசத்துக்கு முன்னால் அவள் கேட்ட கேள்வியை அவளே மறந்திருக்கலாம். நான் ஞாபகப்படுத்தவில்லை.

ஜூலை 18, திங்கள்

மருந்துக் கடைக்குப் போனேன். கூட்டம் குறைகிற வரைக்கும் நின்றேன். அப்புறம் கேட்டேன். "அண்ணாச்சி, முதலாளிக்கு அந்த ஓவர் விசயம் தெரியாதா?"

மாத்திரையை எண்ணிப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "தெரிஞ்சா அது எப்படிலே மரியாதையாவும்?"

"அப்ப பத்து வருசமா அவரு பார்த்த என் பௌலிங் அது மட்டும்தான். அத வச்சித்தான் பேர எழுதாம விட்டிருக்காரு."

அவருக்குக் கை நின்றுவிட்டது. அவரும் இதை யோசித்துப் பார்த்ததே இல்லை என்று முகத்திலேயே தெரிந்தது. பிறகு, "பாய் இத்துப்போச்சுலே. புதுசு வாங்கித் தாரேன்னு நேத்துத்தான் சொல்லியிருக்காரு. இப்பப் போயி..." என்று இழுத்தார். கிளப்பில் இருபது பேர் ஆடுகிறார்கள், எல்லாரையும் நினைக்க வேண்டும் என்றார். ஒரு அமிர்தாஞ்சன் டப்பாவைக் கையில் திணித்தார், என் தோளுக்காம்.

அவர்மேல் எரிச்சல் வருகிறது. முதலாளிமேல் வருகிறது. எல்லாரையும்விட என்மேல் வருகிறது. யாரும் என் கையைப் பிடித்து இழுத்துப் போடவைக்கவில்லை. நான்தான் குறிபார்த்துப் போட்டேன். நன்றாகவும் போட்டேன்.

1961 ஜூலை 15, சனி

புதுப் பாய் வந்திருக்கிறது. விறைப்பாக இருக்கிறது. இதில் குத்தினால் பந்து சீறும். நான் ஒருத்தரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 16, ஞாயிறு

போட்டேன். நேராகப் போட்டேன்.

முதல் பந்து நடு ஸ்டம்ப். முதலாளி பேட்டை வீசி முடிப்பதற்குள் பின்னால் ஸ்டம்ப் உருண்டது. அது விழுகிற சத்தத்தோடேயே ஏசுதாசன் அண்ணாச்சி "நோ-பால்" என்று கையை நீட்டினார். என் கால் கோட்டுக்கு அரை அடி உள்ளே இருந்தது. அவர் காலைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைத்தான் பார்த்தார்.

இரண்டாவது பந்து. மறுபடியும் ஸ்டம்ப். மறுபடியும் "நோ-பால்". ஸ்டம்பை நட்டுவிட்டுக் கடற்கரை என்னிடம் நடந்து வந்து பந்தைத் தந்தான். "ஏலே, என்னலே செய்த?" என்றான். அவன் திரும்பிப் போகும்போது, "போடு" என்று மட்டும் சொன்னான்.

மூன்றாவது பந்தைக் கோட்டுக்கு இரண்டடி பின்னால் நின்றே போட்டேன். குருடன்கூட நோ-பால் சொல்ல முடியாது. வெளியே குத்தி உள்ளே வெட்டி, நடு ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு போனது. அண்ணாச்சியின் கை பாதி எழும்பி நின்றது. அப்புறம் கீழே போய்விட்டது.

முதலாளி விழுந்த ஸ்டம்பைக் குனிந்து பார்த்தார். எதிர்பார்த்துக்கொண்டு நின்றேன். பதினோரு வருசத்துக்கும் சேர்த்து இந்த ஒரு நிமிசம். இப்போது தெரிந்துவிடும், கோபப்படுவார், கேட்பார், சொல்லிவிடுவேன் என்று தொண்டை வரைக்கும் வைத்துக்கொண்டு நின்றேன்.

அவர் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டு என்னிடம் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "பதினோரு வருசத்துல இன்னிக்குத்தான் தம்பி ஒனக்குப் பந்து நேரா விழுந்திருக்கு. எனக்கு ரொம்ப சந்தோசம்." தன் கையுறையைக் கழற்றி எனக்குப் பரிசாகக் கொடுத்தார். காரில் ஏறிப் போய்விட்டார்.

கையுறை உள்ளே ஈரமாக, வழுவழுவென்று இருக்கிறது. ஒரு மனுசனை அவுட்டாக்கினால்கூட அது என் பந்தால் இல்லையா? அவர் மனசிலிருந்து என்னத்தைத்தான் எடுக்க முடியும்? நான் பத்து வருசமாகக் குழைத்துப் பூசியது. ஒரு பந்தில் பெயருமா?

ஜூலை 30, ஞாயிறு

லிஸ்ட் வந்ததாகக் கடற்கரை சொன்னான். நான் பார்க்கவில்லை.

1962 ஜூன் 28, வியாழன்

முதலாளிக்குக் கண் ஆபரேஷனாம். இந்த வருசம் சீசனுக்கு வரவில்லை. மேட்ச் கிடையாது. ஏசுதாசன் அண்ணாச்சி பாயைச் சுருட்டிக் கடைக்குப் பின்னால் போட்டிருக்கிறார். வயசு முப்பத்து மூன்று. தோளைத் தூக்கினால் வலிக்கிறது. இனி பந்து போடுவதில்லை.

1964 ஜனவரி 6, திங்கள்

தென்காசி டிப்போவுக்கு ஏஜெண்டாக என்னைப் போட்டிருக்கிறார்கள். டிரைவர், கண்டக்டர் அறுபது பேர் எனக்குக் கீழே. காலையில் நான் உள்ளே நுழைந்தால் எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். கூச்சமாக இருக்கிறது. பார்வதி பாயசம் வைத்தாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று ஒரு நல்ல நாள். இந்த நோட்டில் இப்படி ஒரு வரி எழுதி எத்தனை நாளாச்சு.

டிரைவர் கண்டக்டர்கள் ஒரு பக்கம், ஆபீஸ்காரர்கள் ஒரு பக்கம் என்று மேலகரத்து மைதானத்தில் மேட்ச் வைத்தார்கள். வற்புறுத்தி என்னை முதலில் ஆட இறக்கினார்கள். கடற்கரையும் கீப்பராக வந்தான். டிப்போ வாசலில் இப்போது சொந்தமாக சோடாக் கடை போட்டிருக்கிறான். இரண்டரை வருசம் பேட்டைத் தொடாதவன் முப்பத்தொரு ரன் அடித்தேன். அதுவும் முதல் ஓவரிலேயே நாலு பவுண்டரி. இசக்கிப்பாண்டி என்று இலத்தூர்க்காரக் கண்டக்டர், இருபத்தொரு வயசு, நல்ல உயரம், வேகமாக ஓடி வருகிறான். அவன் பந்தைக் கால் பக்கம் மடக்கி மடக்கி அடித்தேன். ஒன்று வேலியைத் தாண்டி ஓடையில் விழுந்தது. நான் பௌலராகப் போனது தப்போ என்று நினைத்துக்கொண்டேன். கண்ணும் கையும் இன்னும் ஒன்றாகத்தான் வேலை செய்கின்றன.

வீட்டில் விளக்குமாற்றைப் பிடித்து, எப்படி அடித்தேன் என்று பார்வதிக்கு ஆடிக் காட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

பிப்ரவரி 10, திங்கள்

காலையில் இசக்கிப்பாண்டி ஒரு விண்ணப்பம் கொண்டுவந்தான். சுரண்டை லைனிலிருந்து செங்கோட்டை லைனுக்கு மாற்றிக் கேட்கிறான். பொஞ்சாதிக்குப் பிள்ளை பிறந்து இருபது நாள். செங்கோட்டை லைன் என்றால் ராத்திரி வீட்டுக்குப் போய்விடலாம்.

"நேத்து என்னா அடி சார்" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

அந்தத் தரையைப் பார்த்த பார்வை. எனக்குத் தெரிந்த பார்வை அது. தொப்பியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நின்றவனின் பார்வை.

உட்கார்ந்தபடியே அந்த நாலு பந்தையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். காலுக்கு வெளியே. மெதுவாக. முழங்கால் உயரம். நாலும் ஒரே இடம்.

"ஒனக்கு யாருலே சொல்லித் தந்தது?"

அவனுக்கு முகம் வெளிறிவிட்டது. "கடற்கரை அண்ணாச்சிதான் சொன்னாவ. பெரியவங்களுக்கு மொத ஓவர் இங்கன அப்படித்தான்னு."

நேரே வாசலுக்குப் போனேன். கடற்கரை பாட்டில் கழுவிக்கொண்டிருந்தான். என்னவெல்லாமோ கத்தினேன், இங்கே எழுத முடியாது. ஒனக்குமாலே நான் முதலாளி ஆயிட்டேன் என்றேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். "மூணு வருசமா ஒன் மூஞ்சில சிரிப்பே இல்ல. நேத்து இருந்திச்சு. அம்புட்டுதான்லே" என்றான். பாட்டிலைக் கழுவப் போய்விட்டான்.

நேற்று எழுதிய பக்கத்தைக் கிழிக்கப் போனேன். சீ, எத்தனை பெருமை. விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு ஆடியிருக்கிறேன். வாசிக்கவே உடம்பு கூசுகிறது. இந்த ஊரில் மரியாதை ஓவரைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவன் கிடையாது. எனக்கே தெரியவில்லையே. ஒரு ராத்திரி முழுக்கத் தெரியவில்லையே.

கிழிக்கவில்லை. அந்தச் சந்தோசம் பொய்யாக இல்லை. முதலாளிக்கும் வருசா வருசம் இப்படித்தான் இருந்திருக்கும், பங்களாவில் யாருக்காவது ஆடிக் காட்டியிருப்பார். இதைப் போய் இப்போது நினைக்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருக்கிறது.

பிப்ரவரி 11, செவ்வாய்

வந்ததும் முதல் வேலையாக இசக்கிப்பாண்டியின் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு அவன் கையில் கொடுத்தேன். "செங்கோட்டை லைன் ஒனக்கு ஆயிட்டு. இனிமே எங்கிட்ட ஆவ வேண்டியது ஒண்ணுமில்ல. சாயங்காலம் மைதானத்துக்கு வா" என்றேன். பயந்துகொண்டேதான் வந்தான். கடற்கரையையும் கூட்டிப் போனேன். ஏசுதாசன் அண்ணாச்சி கடைக்குப் பின்னால் கிடந்த பாயைக் கேட்டு வாங்கி, மூன்று பேருமாக விரித்தோம். அதே நாற்றம்.

"மூணு பந்து. ஒனக்குத் தெரிஞ்ச மாதிரிப் போடு. ஒண்ணு கோணலா வந்தாலும் ஒன்னச் சுரண்டை லைனுக்கே அனுப்பிருவேன்."

பிப்ரவரி 12, புதன்

ஜில்லா கமிட்டிக்குக் கடிதம் எழுதி, மத்தியானத் தபாலில் நானே சேர்த்தேன். நாலைந்து தடவை எழுதிக் கிழித்து, கடைசியில் சுருக்கமாகத்தான் வந்தது.

‘இலத்தூர் இசக்கிப்பாண்டி. வயது இருபத்தொன்று. எனக்கு மூன்று பந்து போட்டான். ஒன்றையும் என்னால் தொட முடியவில்லை.’